ராமக்காள் பெயரும் ஷைனியின் பட்டமும்

என் சித்தப்பா சவரிராயனின் மகள் ஷைனி, குற்றவியலில் ஆனர்ஸ் படிக்கப் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இதப் படிச்சா எஸ்.ஐ. ஆயிடலாமா?" அவளும் பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் "கமிஷனரே ஆவலாம்" என்று எரிந்து விழுந்தாள். இண்டூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு யார்மேல் கோபம் என்று சொல்லிவிடுவேன்.

கடைசி வருடம் ஆய்வேடு எழுத வேண்டும். தொப்பூர் கணவாயை எடுத்துக்கொண்டாள். அங்கே சரக்கு லாரி கவிழ்ந்தால் ஜனங்கள் குடமும் சாக்கும் அண்டாவுமாக ஓடிவருவதை நீங்களும் செல்போனில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அது திருட்டா, அள்ளுகிறவர்கள் அதை என்னவென்று நினைக்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. ஸ்கூட்டி ஓட்டத் துணைக்கு நான் போனேன்.

ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருக்கும் ராமக்காள்தான் முதலில் வாய் திறந்தார்.

"பாமாயில் வண்டி சாஞ்சுது கண்ணு. டிரைவரு ஸ்டீயரிங்குல மாட்டிக்கிட்டு கத்தறான். நானும் பஞ்சர் கடை முருகேஷும் கடப்பாரைய வுட்டு நெம்பித்தான் வெளிய இழுத்தோம். என் சேலையக் கிழிச்சுத்தான் அவன் காலக் கட்டுனது. ஆம்புலன்சுல ஏத்தி அனுப்புன பொறவுதான் ஆளுக்கு ரெண்டு பாக்கெட்டு எடுத்தோம். உசுரு கெடக்கறப்ப எண்ணெயத் தொடுவமா?"

தொடமாட்டார்கள். ஷைனி விசாரித்த அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். முதலில் ஆள், பிறகுதான் சரக்கு. அதற்கு முன்னால் கைவைத்தவனை ஊர்க்காரர்களே அடித்து விரட்டியிருக்கிறார்கள். காரை ஓரங்கட்டிவிட்டு வீடியோ எடுக்கிறவர்கள் இறங்கி வருவதற்குள் இந்த முதல் பாதி முடிந்துவிடும். அதனால்தான் நாம் பார்த்ததெல்லாம் வெறும் அண்டாவும் குடமும்.

ஆய்வு விதிப்படி, பேசியவர்களின் பெயரை மறைத்து எண் கொடுக்க வேண்டும். யார்மேலும் கேஸ் வந்துவிடக் கூடாதே என்று, சரக்கு எடுத்ததைப் பற்றிய பக்கங்களில் ஷைனியும் எண்தான் போட்டாள். ஆனால் உயிரைக் காப்பாற்றியதற்கு ஒரு தனி அத்தியாயம் எழுதினாள். அதில் மட்டும் பெயர்கள் இருந்தன. தன் பெயரைப் போடச் சொல்லி ராமக்காளே கேட்டிருந்தார். "திருவிழா நோட்டீசுல வாழமரம் குடுத்தவன் பேரெல்லாம் வருது. என் பேரும் ஒரு புஸ்தகத்துல வரட்டுமே கண்ணு" என்றார்.

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு படித்துவிட்டு அந்த அத்தியாயத்தையே எடுக்கச் சொன்னார். தலைப்பையும் 'நெடுஞ்சாலைக் கொள்ளை' என்று மாற்றச் சொன்னார். அவருக்கு என்ன, இட்லிக் கடைக்காரியைக் கொள்ளைக்காரி ஆக்கினால் கருத்தரங்கில் கைதட்டு விழும். இதை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். ஆய்வேடு இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

சித்தப்பா கத்தினார். "அந்தாளு சொல்றத எழுதிக் குடுத்துட்டு வூடு வந்து சேரு. ஊரத் திருத்தவா ஒன்னப் படிக்க வெச்சேன்?"

ஷைனி அழுதுகொண்டே அத்தியாயத்தை எடுத்தாள். ராமக்காளிடம் சொல்லாமல் கொடுக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. மறுபடி கணவாய்க்குப் போனோம்.

ராமக்காள் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "அப்ப எண்ணெய் எடுத்தது மட்டும் இருக்குதா?"

"ஆமாங்க்கா."

"அதுல என் பேரு?"

"பேரு வராதுங்க்கா. உங்க நல்லதுக்குத்தான் நம்பர் போட்டிருக்கறேன்."

"உசுரக் காப்பாத்துனதுக்குப் பேரு இல்ல. எண்ணெய்க்கு நம்பரு." ராமக்காள் கரண்டியைக் கீழே வைத்தார். "நம்பரு ஜெயிலுலதானே கண்ணு குடுப்பாங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். திட்டியிருந்தால் ஷைனி தாங்கியிருப்பாள். அன்றைக்கு அவள் வீட்டில் பாத்திரச் சத்தமே இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

கடைசித் தேதியன்று அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்து, பழைய தலைப்போடு பைண்டு போட்டு கைடின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

கைடு பக்கங்களைப் புரட்டிவிட்டு பேனாவை மூடினார். "இது குற்றவியல் துறைம்மா. வீரதீர விருது குடுக்கற எடமில்ல. இந்தப் பேரெல்லாம் எதுக்கு? நம்பர் போட்டா அந்தப் பொம்பளைக்கு என்ன கொறஞ்சுபோயிடும்?"

ஷைனி ஆய்வேட்டை மூடி, அட்டையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் அவர் பெயர் இருந்தது. முன்னால் முனைவர், பின்னால் முழ நீளத்துக்குப் பட்டங்கள், எழுதியவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

"ஒண்ணும் கொறயாதுன்னா, இதையும் எடுத்துட்டு கைடு நம்பர் ஒண்ணுன்னு போட்டுக் கொண்டாரட்டுங்களா சார்?"

கையெழுத்து விழவில்லை. அந்த வருடம் பட்டமும் இல்லை. இப்போது வேறொரு கைடிடம், அதே அத்தியாயத்தோடு, மறுபடி பதிந்திருக்கிறாள். வாயடக்கம் இல்லாததால் மகள் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டாள் என்று சித்தப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். அவள் எதையும் தொலைக்கவில்லை. அந்தக் கைடுதான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். கீழே கொட்டிய எண்ணெயை எடுத்தால் திருட்டு. ஒரு பெண்ணின் வருடத்தை எடுத்தால் அதற்கு எந்த ஸ்டேஷனிலும் கேஸ் இல்லை.