அருள்நாயகத்தின் இலையில் வைத்த சிகரட்

அருள்நாயகம் செத்த எட்டாம் நாள் படையலுக்கு, எட்டுச் செலவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், அவர் உயிரோடு இருந்தபோது 'அரிச்சந்திரன் கடை' என்று பகிடி பண்ணியவர்கள். அந்த முகங்களைப் பார்க்கவே அவருடைய மனைவி குணவதிக்கு அருவருத்தது.

மனிசன் செய்த குற்றம் ஒன்றுதான். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஏழு வருடம் கடை நடத்தியும் கள்ளச் சிகரட் ஒரு பெட்டியைக்கூட உள்ளே விடவில்லை. மத்திய அரசான ஒட்டாவாவுக்கு ஒரு வரி, மாகாண அரசான ஒன்ராறியோவுக்கு இன்னொரு வரி என்று மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஏற்றுமதி என்று வரி கட்டாமல் அமெரிக்காவுக்குப் போன கனடாச் சிகரட்டோ படகேறித் திரும்பி வந்து, கார் டிக்கிகளில் அரைவிலைக்குப் போனது. கோயிலில் முன்னுக்கு நின்று தேவாரம் பாடுகிற பெரிய மனிதர்களும் அங்கேதான் வாங்கினார்கள். அருள்நாயகத்திடம் பாலுக்கு மட்டும் வந்தார்கள். ஊரோடு ஒத்துப்போனால் என்ன என்று குணவதியே இரண்டொரு தடவை கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்வதில்லை. தான் புகைக்கிற பெட்டிக்கும் முழுவிலையைக் கல்லாவில் போட்டுவிட்டுத்தான் பற்றவைப்பார்.

தொண்ணூற்று நான்கு மாசியில், கடத்தலை அடக்க வழியில்லாமல் ஒட்டாவா தன் வரியை வெட்டியது. பக்கத்து மாகாணமான கியூபெக்கும் கூடவே வெட்டியது. ஒட்டாவா சொல்லி நாங்கள் குறைப்பதா என்று ஒன்ராறியோ மட்டும் வீம்புக்கு நின்றது. மலிவுச் சிகரட் ஏற்ற ரொறன்ரோ வான்கள் கியூபெக்கின் மொன்றியாலுக்கு ஓடத் தொடங்கின. கடையில் ஈயாடியது. அந்தக் கிழமைதான் அருள்நாயகம் கடைவாசலில் பனி வழித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

கடை இனி நிற்காது என்று குணவதிக்குத் தெரியும். மிஞ்சியது அவருடைய பெயர் ஒன்றுதான். அதையாவது ஊத்தை படாமல் வழியனுப்ப வேண்டும் என்று நினைத்தாள்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் படைப்பது வழக்கம். கணவாய்க் கறி, நண்டு, ஒரு கிளாஸ் விஸ்கி எல்லாம் வந்தன. சிகரட்டை வைத்தவன் அவளுடைய தம்பி ராகுலன். சாம்பிராணி காட்டக் குனிந்த குணவதி பெட்டியைப் பார்த்தாள். ஒன்ராறியோ வரி கட்டிய அடையாளம் அதில் இல்லை.

எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். அவன் கொஞ்சமும் கூசவில்லை.

"மொன்றியாலிலை, அக்கா. உங்கட கடையிலை எடுத்தா உங்களுக்குத்தானே நட்டம்."

மனிசன் வாழ்நாளில் தொடாததைச் செத்தபிறகு வாயில் திணிக்கிறார்களே! பெட்டியை எடுக்கக் கை நீட்டினாள். படைத்ததை இடையில் எடுத்தால் பாவம் என்று கோயில் நிர்வாகத்திலிருந்த சண்முகநாதன் தடுத்தார். அவருடைய சேர்ட் பொக்கற்றிலும் அதே மாதிரிப் பெட்டி எட்டிப் பார்த்தது.

"உங்கட பொக்கற்றிலை இருக்கிறதை முதல் எடுங்கோ, அண்ணை. பிறகு எனக்குப் பாவ புண்ணியம் சொல்லலாம்."

குணவதி இலையில் இருந்த பெட்டியைக் குப்பைக்குள் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபடியே கதவடியில் எட்டு நாளாகத் தொடாமல் தொங்கிய அவருடைய குளிர்க்கோட்டுக்குள் கைவிட்டு, அவர் கடைசியாகக் காசு போட்டு எடுத்த பெட்டியை வெளியே எடுத்தாள். அதில் இரண்டு சிகரட் குறைந்திருந்தது. அதைத்தான் இலையில் வைத்தாள்.

அடுத்தநாள் ஒன்ராறியோவும் பணிந்தது. வரி குறைந்த செய்தியைக் கேட்டதும் ராகுலன் போன் எடுத்தான். இனி எல்லாம் சட்டப்படிதான், ஒருத்தரும் ஒருத்தரையும் குறை சொல்லத் தேவையில்லை என்றான். அத்தான் இன்னும் பத்து நாள் இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்றும் சொன்னான்.

குணவதி அவனை மேலே பேச விடவில்லை.

"ஏழு வருசம் அவர் ஒழுங்கா வரி கட்டினார். ஒரு அரசாங்கமும் அவருக்காக ஒரு சதம் இறங்கேல்லை. இப்ப கள்ளருக்கு ரெண்டு அரசாங்கமும் இறங்கி வந்திருக்கு. உந்தக் கூத்தைப் பாக்காமல் போனாரே, அதுவே பெரிய காரியம். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நீ வராதை, தம்பி."