இருபத்தொரு மில்லிமீட்டர்

கண் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் அவருக்குப் பெயர் ‘அஞ்சு நிமிஷம் அக்கா’. பதினாறு வருடமாக ஒரே வேலை. ஒரு காகிதப் பட்டையின் நுனியை மடித்து நோயாளியின் கீழிமைக்குள் செருகுவார். “அஞ்சு நிமிஷம், கண்ண மூடிக்கோங்க” என்பார். பட்டை எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவார். பத்துக்குக் கீழே போனால் கண் வறட்சி. ஐந்துக்குக் கீழே என்றால் கடுமை.

“வீட்லயும் சமையல் அஞ்சு நிமிஷந்தானாக்கா?” என்று நர்சுகள் சீண்டுவார்கள்.

“சமையல் அஞ்சு நிமிஷம், குறை சொன்னா திட்டு அரை மணி நேரம்” என்பார்.

சோதனை நடக்கும்போது பேசக் கூடாது என்பது விதி. அவருக்கு வாய் சும்மா இருக்காது. வந்தவர் ஊர், வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஐந்து நிமிட மணி அடிப்பதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மாதம் அங்கே ஓர் ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். கண் வறண்டால், உடம்பிலேயே உருவாகும் சில முரட்டு மூலக்கூறுகள் கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்குகின்றன. அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கலந்த சொட்டு மருந்து பலன் தருமா என்று பார்க்கும் ஆய்வு அது. நாற்பது பேர். பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்குச் சாதாரணச் சொட்டு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. சேர வேண்டுமானால் பட்டை பத்துக்குக் குறைவாக நனைய வேண்டும்.

கிரேன் ஓட்டுநர் ஒருவர் வந்தார். வயது ஐம்பதை நெருங்கும். பன்னிரண்டு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இமைக்காமல் கீழே பார்ப்பது தொழில்.

“மணிக்கொரு தரம் சொட்டு விட்டுத்தான் ஓட்டுறேன் தங்கச்சி. எப்படியாவது இந்தப் புது மருந்துல என்னையும் சேத்துவிடுங்க.”

“பட்டை சொல்லணும் அண்ணா, நான் சொல்லி என்ன ஆகுது?” என்றபடி இரண்டு கண்ணிலும் செருகினார். ஒரு நிமிடம் பேசாமல் தாக்குப்பிடித்தார். பிறகு கேட்டார்: “கண்ண இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்களே, அண்ணி திட்டலையா?”

“அவ போய்ச் சேந்து ரெண்டு மாசம் ஆச்சும்மா.”

மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் வழிந்து பட்டையில் ஏறியது. மணி அடித்தது. குறைவாக நனைந்த பட்டையே இருபத்தொன்று காட்டியது.

அழுகையில் வரும் கண்ணீர் வேறு, கண்ணை ஈரமாக வைத்திருக்கும் கண்ணீர் வேறு என்று அக்காவுக்குத் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் அரை மணி உட்காரவைத்து மறுபடி அளக்க வேண்டும். வெளியே இருபத்துமூன்று பேர் காத்திருந்தார்கள். தவிர, ‘அழுதார்’ என்று எழுதினால் ஏன் என்று டாக்டர் கேட்பார். அக்கா 21 என்று மட்டும் எழுதினார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்: “கவலைப்படாதீங்கண்ணா, தண்ணி நல்லாத்தான் ஊறுது.”

அன்று மாலை வீட்டில் வாயே திறக்கவில்லை. “என்னம்மா, பேட்டரி தீந்துடுச்சா?” என்றாள் மகள். நாளைக்கு டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஒன்பது நாள் அதையே நினைத்தார்.

பத்தாம் நாள் கிரேன்காரரே வந்து நின்றார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

“தண்ணி நல்லா ஊறுதுன்னு நீங்க சொன்னதும் சொட்டு மருந்த நிறுத்திட்டேன் தங்கச்சி. இப்போ கீழ நிக்கிறவன் காட்டுற கை ரெண்டா தெரியுது. மேஸ்திரி கூண்ட விட்டு இறக்கிட்டாரு.”

அக்கா அவரை உட்காரவைத்துவிட்டு டாக்டரின் அறைக்கு ஓடினார்.

“டாக்டரம்மா, கிரேன்காரரோட இருபத்தொன்னு தப்பு.”

“பட்டை பழசா?”

“பட்டை மேல பழி போடாதீங்க. நான்தான் பேச்சுக் குடுத்து அழ வச்சேன்.”

டாக்டர் உடனே நோயாளியைப் பரிசோதித்தார். கருவிழியில் புள்ளிப் புள்ளியாகக் காயம். விடாமல் சொட்டு விட்டால் ஆறும் என்றார். அக்கா மறுபடி பட்டை வைத்தார். இந்தமுறை சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று மில்லிமீட்டர்.

“ஆய்வுல சேத்துக்கலாம்ல?” என்று டாக்டரைத் தனியே கேட்டார்.

“நேத்து நாப்பதாவது ஆளச் சேத்து முடிச்சாச்சேக்கா.” டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “அந்த மருந்து கேக்குமான்னே இன்னும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆய்வு எதுக்கு?”

அது உண்மைதான். ஆனால் கையிலிருந்த சொட்டு மருந்தையும் அந்த மனிதர் நிறுத்தியது எந்த ஆய்வாலும் அல்ல, அக்காவின் ஒரு வார்த்தையால்.

திரும்பி வந்து ஒன்றையும் மறைக்காமல் கிரேன்காரரிடம் சொன்னார். அவர் திட்டவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அரை மணிதானே தங்கச்சி? சொல்லியிருந்தா வெளிய உக்காந்திருப்பேனே.”

புது மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

ஆய்வுப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், தேதி, கையெழுத்து, காரணம். அக்கா 21-ன் மேல் கோடு இழுத்து 3 என்று எழுதினார். காரணத்துக்கான கட்டம் சின்னது. அதில் இரண்டு சொல் எழுதினார்.

‘நான் பேசினேன்.’