பானெட்டில் ஒரு பொட்டு

பயப்படுவதில் எனக்கு இருக்கும் திறமை வேறு எதிலும் கிடையாது. துபாயில் இருந்த நாட்களில் எதிரே போலீஸ் வண்டி வந்தால், நடந்துபோய்க்கொண்டிருக்கும்போதே கை சீட் பெல்ட்டைத் தேடும். அப்படிப்பட்ட என்னைத்தான் என் அறைத்தோழர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பழைய அபூர்வக் கார்களின் ஏலத்தைப் பார்க்க அழைத்துப்போனார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஏலம் நடந்த ஹோட்டலில் அவருக்கு அலுவலக வேலை, அதனால் இரண்டு பாஸ் கிடைத்தது. நான் திருநெல்வேலி. துபாயின் சத்வா பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். இருவர் ஊரிலும் ‘நீர்’ என்று பேசும் வழக்கம் உண்டென்பதால் மரியாதை குறையாமல் திட்டிக்கொள்வோம்.

“கோட் போட்டுக்கொண்டு வாரும். இல்லையெண்டால் கார் கழுவ வந்தவர் எண்டு நினைச்சு வாளியைத் தந்திடுவினம்.”

கல்யாணத்துக்குத் தைத்த கோட் ஒன்று இருந்தது. பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் நிற்காது. காலையில் பர் துபாய் கோயிலில் வாங்கிய குங்குமப் பொட்டலம் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்ததால் அதைக் கோட்டுப் பைக்கு மாற்றினேன். கைக்குட்டையையும் அதிலேயே திணித்தேன். வந்த வினை அத்தனையும் அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

ஹோட்டல் மண்டபத்தில் கார்கள் வரிசையாக நின்றன. கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பணக்காரப் பெரியம்மாக்களைப் போல, எல்லோரும் தங்களையே பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் தெரியாத பாவனையில் நின்றன. கறுப்புக் கார் ஒன்றின் கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு ரெட்டை சீட்டு வண்டி, என் தொப்பையை மட்டும் உட்காரவைக்கப் போதுமானது. எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் ஒரு க்ரீம் நிறக் கார். உருண்டை விளக்குகள், புடைத்த மட்கார்டு, தந்த நிறத்தில் மெலிந்த ஸ்டியரிங். என்னைவிட மூத்தது, ஆனால் உடம்பை என்னைவிட நன்றாக வைத்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன்.

துபாயில் ஒட்டகம்போல் நாலு முறை தேர்வு மைதானத்தைச் சுற்றிவிட்டுத்தான் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அந்த நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது: எந்த வண்டியானாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். டாக்சி, கம்பெனி பஸ், ஒருமுறை ஃபோர்க்லிஃப்ட். ‘தொட வேண்டாம்’ என்ற பலகையைப் படித்துக்கொண்டே, கைக்குட்டையில் வேர்வையைத் துடைத்துவிட்டு, பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கையை எடுத்தேன். க்ரீம் நிறத்தின் நடுவில் செக்கச்செவேலென்று மூன்று விரல்.

பொட்டலம் பிரிந்து கைக்குட்டை முழுக்கக் குங்குமம்.

“என்ன ஐசே செய்தனீர்?”

“தொட்டுக் கும்பிட்டேன்வே.”

“இது கார். கதிர்காமக் கோயில் இல்லை. துடையும், துடையும்.”

கைக்குட்டையின் சுத்தமான மூலையை எச்சில் தொட்டுத் துடைத்தேன். மூன்று விரல் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ரோஜா நிறம் பரவியது.

“துடைக்கத் துடைக்கப் பெருசாகுதேவே.”

“அப்ப துடையாதையும். ஐயோ, உம்மோட வந்தன் பாரும்.”

அரை நிமிடத்தில் என் மனம் எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிட்டது. என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலுக்கு போன் போகிறது. அவர் அலமாரியைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுக்கிறார். நான் விமானத்தில், அதுவும் நடு சீட்டில், ஊருக்குப் பறக்கிறேன். விமான நிலையத்தில் என் மனைவி எவ்வளவு எளிமையாகக் கேட்கிறாள்: “உங்கள யாரு தொடச் சொன்னா?”

கறையை மறைக்க ஒரே வழிதான் இருந்தது. பானெட்டுக்கு முன்னால் நான் நின்றுகொண்டேன், கோட்டை விரித்து, இடுப்பில் கைவைத்து. அதன் பலன், வருகிறவர்கள் என்னைக் காரின் ஆள் என்று நினைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இது பழைய பெயின்ட்தானா என்று கேட்டார்கள். “பழசுதான், கொஞ்சம் புதுசும் இருக்கு” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையையே சொன்னேன்.

பிறகு வந்தார் ஒரு முதிய அரபி. கணுக்கால் வரை வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் ஜெபமாலை. என்னைச் சுற்றி எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பானெட்டைப் பார்த்தார்.

“யே க்யா ஹே, பாய்?” என்று இந்தியில், இது என்னவென்று கேட்டார். அந்தத் தலைமுறை அரபிகளின் இந்தி என் இந்தியைவிட ஒழுங்காக இருக்கும்.

“காடி... பூஜா... அச்சா,” என்றேன். வண்டி, பூஜை, நல்லது; என் இந்தியில் வினைச்சொல் கிடையாது.

நண்பர் குறுக்கே புகுந்து, இவர் ஊரில் நல்ல வண்டியைக் கண்டால் இப்படிப் பொட்டு வைப்பார்கள், நல்லது நடக்கும் என்று நம்பிக்கை, அழுக்கில்லை ஷேக் சாஹிப் என்று விளக்கினார்.

முதியவர் யோசித்தார். “நல்லது யாருக்கு? வாங்குகிறவனுக்கா, விற்கிறவனுக்கா?”

இவர் வாங்க வந்தவரா, விற்க வந்தவரா? தப்பாகச் சொன்னால் கஃபீல், அலமாரி, நடு சீட்டு. ரெண்டுக்கும் நடுவில் புகுந்து, “யார் வைத்திருக்கிறாரோ, அவருக்கு,” என்று நண்பரைச் சொல்லச் சொன்னேன்.

முதியவர் என் முகத்தை இன்னொரு முறை பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். பாலிஷ் துணியோடு ஓடிவந்த ஊழியரை, “கலாஸ், இருக்கட்டும்” என்று நிறுத்தினார்.

ஏலம் தொடங்கியது. க்ரீம் கார் மேடைக்கு வந்தபோது பின்னாலிருந்த பெரிய திரையில் என் பொட்டு சாப்பாட்டு மேசை அளவுக்குத் தெரிந்தது. நான் நாற்காலியில் வழுக்கி வழுக்கிக் கழுத்தில் உட்கார்ந்திருந்தேன். கைகள் உயர்ந்தன, விலை ஏறியது, ஓரிடத்தில் நின்றது. ஏலம் விடுகிறவர், இந்த விலைக்கு விடவா என்பதுபோல் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே அந்த முதியவர். மெதுவாகத் தலையை ஆட்டி, “மாஃபி,” என்றார். விற்கவில்லை. கார் அவருடையது.

முதியவரின் பக்கத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள் அவரிடம் ஏதோ கேட்க, அவர் திரும்பி என்னைச் சுட்டிக்காட்டினார். இருவரும் என்னை முறைத்தார்கள். நான் எழுந்து வாசலைத் தேடினேன்.

“இரும்,” என்று நண்பர் கோட்டைப் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்துப் போனது. முன்னால் இருந்த சக ஊழியரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார். “மகன்மார்தான் விக்கச் சொல்லி நிண்டவையாம். கிழவருக்கு மனமில்லை. இப்ப சொல்றார், இந்தியாக்காரன் வைச்சிருக்கிறவருக்கு எண்டு பூசை செய்து போட்டான், நான் என்ன செய்ய எண்டு.”

முதியவர் மேடைக்குப் போய்க் காரின் பக்கத்தில் நின்றார். பொட்டைத் துடைக்கவில்லை. என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். நானும் வைத்தேன். அங்கே இன்னும் இடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து என் பழைய ஜப்பான் காரில் ஏறினோம். கண்ணாடியைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். என் இரண்டு இமைகளிலும் குங்குமம், கூத்துக்கு வேஷம் கட்டியவனைப் போல.

“சாயங்காலம் முழுக்க இப்படியாவே இருந்தேன்?”

“ஓம்.”

“சொல்லக் கூடாதா?”

“எப்பிடிச் சொல்லுறது? நீர் அந்தக் கைக்குட்டையாலதானே துடைப்பீர்.”

ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அந்த வண்டியை விற்கும்வரை அதில் அந்தச் சிவப்பு இருந்தது. வாங்கியவர் கேட்டார், இது என்ன என்று. விற்கிறவருக்கு நல்லது என்றேன்.