சுடுகாட்டு மல்லிக்கு மஞ்சள் தண்ணீர்

என் அம்மாவின் பெயர் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். "சாமிகிட்ட போதும்னு சொல்றதுக்கு என் பேருதானா கெடச்சுது?" என்று அவளே கேட்பாள். பல்லி, இடி, மாடிப்படி, வங்கி மேனேஜர் எல்லாமே அவளுக்குப் பயம். அப்படிப்பட்டவளுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பூஞ்சைகளைக் கொல்லும் வேலை கிடைத்தது.

கண்ணாடித் தட்டில் வளர்க்கிற பூஞ்சையை ஆராய்ச்சி முடிந்ததும் அப்படியே குப்பையில் கொட்டக்கூடாது. பெரிய குக்கரில் வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். அம்மா பயந்துகொண்டே வேகவிடுவாள். வெள்ளிக்கிழமை குக்கருக்கு மஞ்சள் குங்குமமும் வைப்பாள். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அதனால் திருக்கழுக்குன்றத்திலிருந்து அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கூட்டி வருவது என் உத்தியோகம்.

அங்கே ரக்ஷா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. மூலிகை இலைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் குடியிருக்குமாம். செடிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சிலது மருந்துச் சரக்கையே சுரக்குமாம். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதால், அதற்குள் குடியிருப்பது யார் என்று ரக்ஷா தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று பெயர்.

ஒருநாள் செய்யூர்க் கடற்கரையில், ஒரு பழைய சுடுகாட்டு மணலிலிருந்து இலை பறித்து வந்து, குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். சுடுகாட்டுக்குப் போய்வந்த மனிதரே தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் வருவதில்லை, செடி மட்டும் வரலாமா? குக்கருக்கு வைத்திருந்த மஞ்சளைக் கரைத்து, கல்லுப்புப் போட்டு, இலைகளை முக்கியெடுத்துத்தான் அம்மா உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் நான் போனபோது ரக்ஷா பையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்ன இது? இலையெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

செடிக்குக் காமாலை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பின்னால் வந்து ஒதுங்கியதைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"நான்தான் மேடம். சுடுகாட்டுதாச்சே... மஞ்சத் தண்ணி காட்டுனேன். படிக்கிற குயந்தைங்க வந்து போற எடம்."

"ஐயோ வேண்டாக்கா! மஞ்சள் பட்டா பூஞ்சை செத்துடுமே! அந்த மணல்ல வளர்ந்த வேற இலைக்கு எங்க போவேன்? நான் பறிக்கறச்சயே ஜேசிபி வந்துடுத்து. அந்த இடம் இப்போ பிளாட்டு."

ரக்ஷா ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள். "எப்படியும் ஸ்பிரிட்லயும் ப்ளீச்லயும் கழுவத்தான் போறேன். வெளியில ஒட்டினது சாகணும், உள்ள இருக்கறது பிழைக்கணும். உங்க மஞ்சள் உள்ள இறங்காம இருந்தா சரி."

கழுவிய இலையை நறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். கடைசியாகக் கழுவிய தண்ணீரை இன்னொரு தட்டில் விட்டாள். தண்ணீர்த் தட்டில் பூஞ்சை எதுவும் முளைக்கக்கூடாது. முளைத்தால் இலையில் வருவதும் வெளி அழுக்கு என்றாகிவிடும். இலைத் தட்டில் முளைத்தே ஆக வேண்டும்.

அன்று ராத்திரி வீட்டில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வேல பூட்டா இன்னாமா? நெம்மேலில கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்குறாங்கோ. அங்க போயி உப்பு போடு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"வேல கெடக்குதுடி. எந்த வூட்லயோ ஒருத்தி அந்த மருந்துக்கு காத்துகினு கீறாளோ இன்னாவோ. நான் போயி அத்த கொன்னுட்டேனே."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ரக்ஷா கூப்பிட்டாள். இரண்டு தட்டையும் மேசையில் வைத்தாள். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"நீயே பாத்து சொல்லுடி. இன்னா கீது?"

ஒன்றுமில்லை என்று ஒரு நொடி ஏமாற்றியிருக்கலாம். மனம் வரவில்லை.

"தண்ணித் தட்டு காலிம்மா. எலையில நறுக்குன ஓரத்துல வெள்ளையா கீது. பஞ்சு மாரி."

அம்மா கண்ணைத் திறந்தாள். "இது மருந்தாயிடுமா மேடம்?"

"தெரியாதுக்கா. நிறைய பூஞ்சை ஒண்ணுத்துக்கும் ஆகாது. வருஷக்கணக்கா பார்க்கணும்."

"அதுவரைக்கும் உசுரோட இருக்குமா?"

"பார்த்துக்கணும்."

அம்மாவின் பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் குக்கரில் அடுக்கும்போது ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இதுல உங்குளுது எதுவும் இல்லியே?"

"இல்லக்கா."

"ஒருவாட்டி வந்து பாத்துட்டு போங்க மேடம்."

ரக்ஷா வந்து பார்த்துத் தலையாட்டும்வரை அம்மா குக்கர் சுவிட்சில் கை வைக்கவில்லை.