அரளி தின்ற ஆடு

வள்ளியம்மாவின் ஆட்டைத் திருடி என்று சொன்னவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆடு வாயில்லா ஜீவன். சொன்னவர்களுக்கோ வாய் மட்டும்தான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் அவளைத் தெரியாதவர் கிடையாது. டெங்கில் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். புருஷனுக்குத் தண்டவாள வேலை கிடைத்ததும் கூடவே இங்கே வந்தாள். அவனைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு ஒரு வெள்ளாட்டை வைத்துத்தான் பிழைத்தாள். தாய்ப்பால் போதாத பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஆட்டுப்பால்தான். என் மகளும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான். ஆடு போனால் வள்ளியம்மாவுக்குத் திரும்பவும் தோட்டத்துக் கூலி லயம்தான் கதி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் எங்கள் அம்மன் கோயில் அரளிச்செடிகள் திடீரென்று மொட்டையாகிவிட்டன. பூ போச்சு, தளிர் போச்சு, குச்சிதான் மிச்சம். கோயில் காரியம் பார்த்த கிராணி இராமலிங்கம், ரயில்வே ஆபீசில் பேனா பிடிப்பவர், விசாரணையே இல்லாமல் ஆட்டைப் பிடித்துக் கோயில் பின்புறம் கட்டிவிட்டார்.

வள்ளியம்மா ஓடி வந்தாள். "ஐயா, அரளி விஷங்க. அதத் தின்னிருந்தா என் ஆடு இந்நேரம் செத்திருக்காதா?"

எந்த மடையனுக்கும் புரிகிற பேச்சு. கிராணி என்ன சொன்னார் தெரியுமா?

"தின்னும் சாகலன்னா அது சாதாரண ஆடே இல்ல. பேய் புடிச்ச ஆடு. வெள்ளிக்கிழம கசாப்புக்காரன்கிட்ட தள்ளிட வேண்டியதுதான்."

இதற்குத் தலையாட்ட நாலு பேர்! உயிரோடு நிற்பதே குற்றம் என்றால் அந்த ஆடு என்னதான் செய்யும்? பால் கட்டி மடி வீங்கிக் கத்தியது. கறக்கப் போனவர்களை உதைத்தது. வள்ளியம்மாவை மட்டும் கிட்டே விடவில்லை, பாவிகள்.

தின்றது எது என்று நான் சொல்கிறேன். பருந்து அந்துப்பூச்சி என்கிற பெரிய பூச்சி வகையில் ஒன்றுக்கு அரளிதான் சாப்பாடு. பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோலம் போட்ட இறக்கை. அந்தியில் பூவுக்கு முன்னால் உட்காராமலே பறந்து நின்று தேன் குடிக்கும். அரளி இலையில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு விரல் தண்டிக்குக் கொழுத்துவிடும். வாலில் ஒரு சின்னக் கொம்பு. நம்மைக் கொல்லும் விஷ இலை அதற்குக் கீரை. தொட்டால் தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பை உப்பிக்கொள்ளும்; அப்போது கழுத்தில் இரண்டு நீலக் கண் விழித்துப் பார்க்கும். நிஜக் கண் இல்லை, குருவியை விரட்டுவதற்கான வேஷம். தின்று முடித்ததும் நிறம் கறுத்துக் கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். பூச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், அதன் பிழைப்பு அது.

வெள்ளிக்கிழமை காலை ஓரத்துச் செடியில் தப்பிய பூ இருக்குமா என்று பார்க்கப் போன கோயில் பண்டாரம் கிளையை விலக்கியதும் அந்த நீலக் கண்கள் விழித்தன. அலறிக்கொண்டு ஓடிவந்தார். கிராணி பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாகம்மா! அம்மா குட்டி நாகமா வந்துட்டா! பால் கொண்டு வாங்க லா!"

கிட்டே போய்ப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. திருடனுக்குக் கற்பூரம் காட்டினார்கள்! மாட்டுப் பால்காரர் வந்து போய்விட்டார். அவசரத்துக்கு ஆட்டுப்பாலும் ஆகும் என்று கிராணியே தீர்ப்புச் சொல்லி, வள்ளியம்மாவுக்கு ஆள் அனுப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நானும் கூடவே போனேன்.

கிராணி அவள் கையில் செம்பைக் கொடுத்து, "சீக்கிரம் கற" என்றார்.

வள்ளியம்மா ஆட்டின் முதுகைத் தடவினாள். எல்லாருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"அரளி தின்ன பேய் ஆட்டுப் பால், அம்மனுக்கு ஆகுங்களா ஐயா?"

கூட்டம் கிராணியைப் பார்த்தது.

"அது... அரளியத் தின்னிருக்காது."

"அப்ப அவுத்து விடுங்க."

கிராணியே குனிந்து முடிச்சை அவிழ்த்தார். அவள் வெறும் செம்பை அவர் காலடியில் வைத்துவிட்டு, ஒரு சொட்டுகூடக் கறக்காமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.