செவ்வாய்க்கிழமைத் தப்பு

செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு எய்லெர்ட் சமையலறை மேடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று படிக்கத் தொடங்குவான். கையில் இரண்டு தாள், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

“கடலடியில இருக்குற நுண்ணுயிர்லேருந்து எடுத்த நொதி ஒண்ணு பிளாஸ்டிக்கைக் கரைக்குது. பெர்கன் குழு கண்டுபிடிச்சிருக்கு.”

“எவ்வளவு நேரத்துல கரைக்குது?”

“விரல் நகம் அளவு கரைய நாப்பது நாள்.”

“அப்ப அதையும் எழுது. இல்லன்னா நாளைக்கே கடல் சுத்தமாயிடும்னு நெனச்சுக்குவாங்க.”

எழுதிக்கொள்வான். நான் ஏழு வகுப்பு படித்தவள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் மீன் ஆலை, இப்போது இந்த ஆராய்ச்சிக் கட்டடத்தின் சாப்பாட்டுக்கூடம். எனக்குப் புரிந்தால் நாட்டில் எல்லாருக்கும் புரியும் என்பது அவன் எண்ணம். இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னான். முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் மாடியில் அவனுக்கு அலுவலகம். உயிர்களைக் கணினிக்குள் வைத்து ஆராய்கிற ஆட்கள் ஓஸ்லோவில், பெர்கனில், வடக்கே ட்ரோம்சோவில் என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருத்தர் கணினிக்குள் சால்மன் வளர்க்கிறார். இன்னொருத்தர் இதயம் ஒன்றைத் துடிக்கவிடுகிறார். இவர்களை ஒரு வலையாகக் கட்டிவைத்திருக்கிறது அரசாங்கம். அந்த வலைக்குள் யாருக்கு என்ன கிடைத்தது, எங்கே வகுப்பு, எப்போது கூட்டம், என்றைக்குள் பெயர் பதிய வேண்டும் என்று சொல்வது எய்லெர்ட்டின் வேலை. புதன் காலை ஆயிரத்து நானூறு பேருக்கு அந்தச் செய்திமடல் போகும். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டேன். “திறக்கிறாங்க,” என்றான்.

வயது ஐம்பத்து நாலு. நல்ல உயரம், கொஞ்சம் கூன். பாசி நிறக் கம்பளிச் சட்டை. முழங்கையில் வேறு பச்சை நூலால் அவனே தைத்த ஒட்டு. வருஷாந்தரக் கூட்டத்துக்கு முந்தின வாரம் பெயரட்டைகளின் கழுத்து நாடாக்களை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டு வருவான். யாருக்குக் கடலை சேராது, யாருக்குப் பால் ஆகாது, யார் மீனின் முகத்தைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எனக்கு எழுதித் தரும் எண்ணிக்கையில் மட்டும் அவன் பெயர் இருக்காது.

“உன் தட்டு?” என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன்.

“நான் ரொட்டி கொண்டாந்திருக்கேன், போர்கில்ட்.”

இருநூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது வாசலில் பெயரட்டை மேசைக்குப் பின்னால் நின்றபடி, தாள் இடையில் வைத்த ரொட்டித் துண்டுகளைப் பழுப்புச் சீஸோடு தின்பான். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வான், மறுநாளுக்கு.

முன்பு அவனுக்குப் பக்கத்து மேசையில் டோருன் இருந்தாள். கூட்டங்கள் அவள் பொறுப்பு, செய்திகள் இவன் பொறுப்பு. ஐந்து வருஷம் ஒரே ஜன்னல். வெள்ளிக்கிழமை நான் வாஃபிள் சுட்டால் இரண்டு பேரும் ஒன்றாக வருவார்கள். அவள் பேசுவாள், இவன் ஜாம் தடவுவான். தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன் அவள் ட்ரோம்சோவுக்கே திரும்பிப் போனாள். கடைசி நாள் கேக்கை வெட்டிக் கொடுத்தது நான்தான். எய்லெர்ட் தாளைப் பார்த்து மூன்று நிமிஷம் பேசினான். அவள் தேதிகளில் காட்டிய கவனத்துக்கு நன்றி சொன்னான். எனக்குக் கத்தியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

செய்திமடல் எல்லாருக்கும் போகுமுன் செவ்வாய் மதியம் சோதனைக்கென்று ஒரு பிரதி போகும். அந்தப் பட்டியலில் இரண்டே முகவரி. ஒன்று அவனுடையது, மற்றது டோருனுடையது. அவள் போன பிறகும் அவன் அதை நீக்கவில்லை. என்னை நீக்கு என்று அவளும் கேட்கவில்லை. செவ்வாய் ஒரு மணிக்குள் அவளிடமிருந்து ஒரு வரி வந்துவிடும்: இந்தத் தேதி தப்பு, அந்த அறை எண் தப்பு. அன்றைக்கு அவன் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்வான்.

போன இலையுதிர்காலத்தில்தான் நான் கண்டுபிடித்தேன். எனக்குப் படித்துக் காட்டியபோது “இருபத்திரண்டாம் தேதி” என்றான். மதியம் மேடையில் கிடந்த அவன் கைப்பேசியில் சோதனைப் பிரதி. அதில் இருபத்து மூன்று. எழுத்துத்தான் எனக்கு மெதுவாக வரும். எண் வராது என்று யாரும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் மீன் எடை எழுதியவள்.

“ஏன்டா, வேணும்னே போடுறியா?”

காது சிவந்தது. “எப்பவும் இல்ல.”

“எப்பலேருந்து?”

“ஒரு தடவை உண்மையிலேயே தப்பாயிடுச்சு. அவ எழுதினா. அப்புறம்...”

“அப்புறம் மூணு வருஷமா தப்பாவே ஆவுது.”

மே பதினேழு தேசிய நாள் விடுமுறையை மே பதினெட்டு என்று ஒரு முறை போட்டிருக்கிறான். இந்த நாட்டில் கைக்குழந்தைகூட அந்தத் தப்பைச் செய்யாது. ‘கொடியை இந்த வருஷம் ஒரு நாள் தாமதமாக ஏற்றுவதாக உத்தேசமா?’ என்று பதில் வந்ததாம். அதை அச்செடுத்து வைத்திருக்கிறான். அவளுக்கு இவன் செய்வது தெரியாமல் இருக்குமா? தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவள். தெரியும், ஆனாலும் எழுதுவாள். இரண்டு பேரும் ஒரு வயதான நாயும் அதன் பந்தும் மாதிரி.

இந்த வருஷக் கூட்டம் மார்ச் கடைசியில், எங்கள் கூடத்திலேயே. போன இரண்டு கூட்டத்துக்கும் டோருன் வரவில்லை. இரண்டு முறையும் அவள் பெயரட்டையை இவன் அச்சடித்து வைத்தான். பதியாதவளுக்கு எதற்கு அட்டை என்று கேட்டதற்கு, “ஒருவேளை வந்தா,” என்றான். பெயர் பதியக் கடைசி நாள் பதிமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அந்த வாரச் செவ்வாய் சோதனைப் பிரதியில் ‘வெள்ளிக்கிழமை, மார்ச் 14’ என்று போட்டு அனுப்பினான்.

ஒரு மணிக்குப் பதில் வரவில்லை. இரண்டு மணிக்குக் காப்பிக்கு வந்தான். மூன்றரைக்கு மறுபடி வந்தான்.

“வரலையா?”

“என்ன வரலையா?”

“பஸ்ஸு. தினம் சைக்கிள்ல வர்றவன்கிட்ட நான் வேற எதைக் கேப்பேன்?”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். “தாயாருக்கு முடியாம இருக்கும். இல்லன்னா சலிச்சுப்போயிருக்கும். எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குல்ல.”

“கூட்டத்துக்கு வரியான்னு ஒரு வரி எழுதிக் கேளேன்.”

“அழைப்பு செய்திமடல்லயே இருக்கு, போர்கில்ட். எல்லாருக்கும் போகுது.”

“ஆயிரத்து நானூறு பேரைக் கூப்பிட்டா ஒருத்தியைக் கூப்பிட்டதா ஆயிடுமா?”

நான் விடவில்லை.

“என் புருஷன் ஆர்வித் செத்துப் பதினாலு வருஷம். நான் ஊரு பேரு எல்லாத்தையும் தப்பா எழுதி அனுப்பினாலும் அவன்கிட்டேருந்து பதில் வராது. உனக்குத் திருத்த ஆள் உசுரோட இருக்கு. நாலு வார்த்தை நேரா எழுத உனக்குக் கை வலிக்குது.”

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனான்.

புதன் காலை மடல் அப்படியே போய்விட்டது. மூன்று வருஷப் பழக்கம்: அவள் சொன்னால்தான் அவன் திருத்துவான். அவள் சொல்லவில்லை, கை அங்கே போகவில்லை. ஆயிரத்து நானூறு பேருக்கும் ‘வெள்ளிக்கிழமை, மார்ச் 14’. அப்படி ஒரு நாள் கிடையாது. வெள்ளியா, பதினாலா என்று நாள் முழுக்கத் தொலைபேசி. பேராசிரியர் ஒருத்தர், இதயத்தைக் கணினிக்குள் துடிக்கவிடுகிறாரே அவர்தான், நாட்காட்டியைப் படம் எடுத்து அனுப்பினாராம். குழப்பம் வேண்டாம், சனிக்கிழமையும் பதிவைத் திறந்தே வை என்று மேலாளர் சொல்லிவிட்டாள். வெள்ளி மதியம் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் என்று நான் மீன்காரனுக்குச் சொல்லி, சுவரில் தாள் ஒட்டி எழுதியும் வைத்தேன். அதுவரை டோருன் பதியவில்லை. வாஃபிளுக்கு அவன் இறங்கி வரவில்லை.

திங்கள் காலை வந்தான். செவ்வாய் இல்லாத நாளில் தாளோடு அவன் மேடைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

“பதினோரு பேர் கூடிட்டாங்க. என் தப்புதான்.”

“அது எனக்குத் தெரியும். மீன்காரன்கிட்ட பல்லைக் காட்டப் போறது நீயா, நானா?”

தாளை நீட்டினான். விரல் வைத்துப் படித்தேன். பெயர், ஊர், சாப்பாட்டில் ஆகாதது என்று மூன்று கட்டம். முதல் ஆளுக்குக் கடலை ஆகாது. அடுத்தவருக்குக் கோதுமை. அதற்குக் கீழே ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாவது வரியில் டோருன், ட்ரோம்சோ. மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்தாள்: ‘வெள்ளிக்கிழமை பதிமூன்றாம் தேதி. பதினான்கு அல்ல. மற்றபடி எல்லாம் சாப்பிடுவேன்.’

மெதுவாகப் படிக்கிறவள், அதனால் இரண்டு முறை படித்தேன்.

“சத்தமா படிக்காதீங்க,” என்றான்.

“மனசுக்குள்ளதான் படிக்கிறேன்.”

“உதடு அசையுது.”

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். சுவரில் 196-ஐ அடித்து 207 என்று எழுதினேன். அவன் கதவுவரை போனான். ரொட்டி டப்பா கக்கத்தில் இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்து டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டு, கயிற்றில் தொங்கிய பென்சிலை எடுத்து, நான் எழுதியதை அடித்து, பக்கத்தில் 208 என்று எழுதினான்.