முளை அடிக்காத ஆசாரி

மிராசுதார் தன்னுடையது என்று வழக்காடிய வாய்க்கால் மேட்டில்தான் அந்த ஆசாரியைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, காதில் பென்சில். அங்கே கட்டவிருந்த தன் குடிசைக்கு வாசக்கால் இழைத்துக்கொண்டிருந்தார். மரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது ஒரு மடக்கு மேஜை. திருகைச் சுற்றினால் அதன் இரண்டு பலகைகளும் நெருங்கின. தானே செய்ததாம்! எனக்கு ஒரே உற்சாகம்.

“எல்லாரும் தரையில முளை அடிச்சுத்தானே மரத்தை நிறுத்துவாங்க?” என்றேன்.

“முளை அடிச்சா நிலத்துக்குப் பாத்தியதை கொண்டாடுறேன்னு கேஸ் போடுறாங்க தம்பி. ரெண்டு தடவை குடிசையைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. இந்த மேஜைன்னா, மிராசுதார் ஆளுங்க வந்ததும் மடக்கிடலாம்.”

“குடியிருக்கிறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்துடுச்சே! பேப்பர் பார்க்கலையா?”

“சட்டம் மெட்ராஸ்ல வந்துச்சு. இங்க வர பஸ் கிடைக்கல போல” என்று சிரித்தார்.

அப்போது வரப்பில் மிராசுதாரின் ஆட்கள் இருவர் வந்தார்கள். அவர்கள் மேட்டில் ஏறக்கூட இல்லை. அதற்குள் ஆசாரி திருகைத் தளர்த்தினார். சுவருக்கு மண் பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி, எழுந்துபோய் வாய்க்காலில் கை கழுவினாள்.

“இருங்க, நான் பேசுறேன்” என்றேன்.

“நீங்க பேசிட்டுப் பஸ் ஏறிடுவீங்க தம்பி.”

மேஜையை அவர் தோளில் போட்டுக்கொண்டார். அவள் வாசக்காலைத் தலையில் வைத்துக்கொண்டாள். வீடே இல்லாமல் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்களோ, தெரியவில்லை.